தாடை அறுவை மருத்துவத்தில் 'ஆய்வில் நிரூபணம்' என்றால் என்ன?

பல் மருத்துவமனை விளம்பரங்களிலும் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் உடல்நலக் குறிப்புகளிலும் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்ற தொடர் தாராளமாகப் புழங்குகிறது. மறுபக்கம், பல் மருத்துவக் கல்லூரிக்குச் சிகிச்சைக்காகப் போன இடத்தில் "ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா?" என்று கேட்டவுடன், நம்மை எலியாக்கிச் சோதிக்கப் பார்க்கிறார்கள் என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதுமே ஒருவர் நம்பிவிடுகிறார், மற்றவர் அஞ்சிவிடுகிறார். அந்த ஆய்வுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை இருவருக்குமே யாரும் நிதானமாக உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. மருத்துவப் படிப்போ புள்ளியியலோ தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கும்படி, ஒவ்வொரு கலைச்சொல்லையும் அது முதலில் வரும் இடத்தில் விளக்கிவிட்டு மேலே செல்கிறேன்.

எந்தத் துறை, எந்த ஆய்வு

வாய், முகம், தாடை ஆகியவற்றில் செய்யப்படும் அறுவைகளைக் கவனிக்கும் துறைக்கு வாய் மற்றும் முகத்தாடை அறுவை மருத்துவம் என்று பெயர். எலும்புக்குள் புதைந்து முளைக்காமல் கிடக்கும் ஞானப்பல்லை எடுப்பது, இருசக்கர வாகன விபத்தில் உடைந்த தாடையைத் தகடு வைத்துப் பொருத்துவது, பிளந்த அண்ணத்தோடு பிறந்த குழந்தைக்கு அதை மூடித் தைப்பது, வாய்ப் புற்றுநோய்க் கட்டியை அகற்றுவது என இதன் எல்லை பெரிது.

இத்துறையில் நடக்கும் ஆய்வுகள் பல வகைப்படும். ஆய்வுக்கூடத்தில் எலும்புச் செல்களை வளர்த்துப் பார்ப்பதும் ஆய்வுதான். விலங்குகளிடம் ஒரு தையல் நூலைச் சோதிப்பதும் ஆய்வுதான். ஆனால் ஒரு சிகிச்சையை மனிதர்களிடம் செய்து பார்த்து, அதனால் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று அளப்பதைத்தான் மருத்துவமனை ஆய்வு என்கிறோம். இனி இக்கட்டுரையில் ஆய்வு என்று வருமிடமெல்லாம் அதையே குறிக்கும். செல்களிடம் நல்ல பலன் காட்டிய மருந்து மனிதத் தாடையிலும் அப்படியே நடந்துகொள்ளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. விளம்பரங்களில் பெரும்பாலும் மறைந்துபோவது இந்த வேறுபாடுதான்.

தானாகவே ஆறும் காயம்

பல்லைப் பிடுங்கிய இடத்தில் ஒரு குழி ஏற்படுகிறது. அதில் இரத்தம் உறைந்து ஒரு மூடிபோல் அமைகிறது. அந்த உறைவுக்கு அடியில் புதிய திசு வளர்ந்து குழி மெல்ல மூடிக்கொள்கிறது. சிலருக்கு மட்டும் இரண்டு மூன்று நாள்களில் அந்த உறைவு கரைந்தோ பெயர்ந்தோ போய்விட, எலும்பு வெளியே தெரிந்து, காது வரை இழுக்கும் கடும் வலி உண்டாகிறது. இதை உலர்குழி என்பார்கள். இதுவும் கூட வேண்டிய பராமரிப்போடு சில நாள்களில் ஆறிவிடக்கூடியதே.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வாய்க்குள் இரத்த ஓட்டம் மிகுதி. அங்கே ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் தாமாகவே ஆறும். ஒரு மருத்துவர் தம்மிடம் வரும் ஒவ்வொருவருக்கும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேரில் பெரும்பாலோர் நலமடைவார்கள். அவர் மருந்தைப் பாராட்டுவார், நோயாளி மருத்துவரைப் பாராட்டுவார். மருந்தே தராமல் இருந்திருந்தாலும் அவர்களில் எத்தனை பேர் இதேபோல் நலமடைந்திருப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த மருத்துவரின் முப்பதாண்டு அனுபவத்தில் விடை இருக்காது, ஏனென்றால் அவர் மருந்து தராமல் யாரையும் அனுப்பியதே இல்லை. அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அறுவை அரங்கில் கைத்திறன் அனுபவத்தால்தான் வருகிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த்தரப்பு இல்லாத அனுபவம் எத்தனை நீண்டதானாலும், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அது வாய் திறக்காது.

இன்னொரு மயக்கமும் இதோடு சேர்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் மருத்துவரிடம் போகிறார்கள். உச்சத்தைத் தொட்ட வலி எப்படியும் இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தின் பெருமை, அன்று என்ன சிகிச்சை செய்யப்பட்டதோ அதற்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வயலில் பிறந்த வழி

புதிய உரம் ஒன்றை வாங்கி வந்த விவசாயி அதை வயல் முழுக்கப் போட்டுவிட்டால், விளைச்சல் கூடியது உரத்தாலா, அந்த ஆண்டு பெய்த நல்ல மழையாலா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. பாதி வயலில் மட்டும் போட்டால் ஒப்பிடலாம். ஆனால் வாய்க்காலை ஒட்டிய பாதியில் உரத்தைப் போட்டுவிட்டு, மேட்டுப்பாங்கான பாதியை விட்டுவைத்தால், அவர் ஒப்பிடுவது உரத்தையல்ல, தண்ணீரை. வயலைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு உரம் என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தால், மண்ணின் வளம், நீர், நிழல் எல்லாம் இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலப் பகிர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளும்கூட அப்படியே பகிர்ந்துவிடும். எஞ்சி நிற்கும் ஒரே முறையான வேறுபாடு உரம்.

இது விளக்கத்துக்காக நான் தேடிப்பிடித்த எடுத்துக்காட்டு மட்டுமன்று, வரலாறும் இதுதான். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் 1920-களில் வயல் சோதனைகளுக்காகவே இந்தக் குலுக்கல் முறையை வகுத்தார். பின்னர் அது மருத்துவத்துக்கு வந்தது.

மருத்துவத்தில் பாத்திகளின் இடத்தில் நோயாளிகள் இருக்கிறார்கள். யாருக்குப் புதிய சிகிச்சை, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளியின் விருப்பத்துக்கோ விடாமல் குலுக்கல் போலத் தீர்மானிப்பதைச் சீரற்ற ஒதுக்கீடு என்கிறோம். இன்று அதைக் கணினி செய்கிறது. புதிய சிகிச்சை பெறாத தரப்புக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். மருத்துவரே தேர்ந்தெடுத்தால் என்ன என்று கேட்கலாம். நல்லெண்ணம் கொண்ட மருத்துவர்கூட, திடகாத்திரமான இளைஞரைப் பெரிய அறுவைக்கும், சர்க்கரை நோயுள்ள முதியவரைச் சிறிய அறுவைக்கும் தம்மையறியாமலே அனுப்புவார். பிறகு பெரிய அறுவையின் முடிவுகள் சிறப்பாக இருந்தால், அது அறுவையின் சிறப்பா, அந்த இளைஞரின் உடல்வாகா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தாமாக ஆறும் காயங்கள் மிகுந்த இத்துறையில், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எந்தச் சிகிச்சையும் சிறந்ததாகவே தெரியும், ஒப்பீட்டுக் குழு இருந்தாலும், அதில் யார் சேர்வது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்காவிட்டால் ஒப்பீடே திரிந்துவிடும்.

ஒரே வாயில் இரு பக்கங்கள்

வாய்க்கு ஒரு வசதி உண்டு. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று ஒத்தவை. கீழ்த்தாடையின் இரு ஞானப்பற்களும் ஒரேபோலப் புதைந்திருக்கும் ஒருவருக்கு, ஒரு பக்கம் ஒரு வகைத் தையலும் மறுபக்கம் இன்னொரு வகைத் தையலும் போட்டு ஒப்பிடலாம். வயது, உடல்நிலை, வலியைத் தாங்கும் இயல்பு என எல்லாமே இருபக்கமும் ஒன்று, ஏனென்றால் ஆள் ஒன்றே. இதைப் பிளவுவாய் முறை என்று சொல்லலாம். எந்தப் பக்கத்துக்கு எது என்பதை இங்கும் குலுக்கலே தீர்மானிக்கும்.

இந்த முறையின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். விழுங்கும் மாத்திரை இரத்தத்தில் கலந்து இரு பக்கமும் போய்ச் சேரும். ஆகவே இரு பக்கத்தையும் ஒரே நாளில் அறுத்தால் மாத்திரைகளை இப்படி ஒப்பிட முடியாது. நாள் தள்ளி இரண்டு முறையாகச் செய்தால், முதல் அறுவையின் நினைவு இரண்டாவது அறுவையின் அச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்; வலி பற்றிய அவருடைய மதிப்பீடும் அதற்கேற்ப மாறும்.

நம்பிக்கையும் வலியைக் குறைக்கும்

மருந்துப் பொருள் எதுவும் இல்லாமல், உண்மையான மருந்தைப் போலவே தோன்றும்படி செய்யப்பட்டதை மருந்துப்போலி என்கிறோம். இதை ஏமாற்று வேலை என்று எண்ணுவோர் பலர். அவர்கள் அறிய வேண்டிய ஓர் ஆய்வு ஞானப்பல் அறுவையிலிருந்தே வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜான் லெவின், நியூட்டன் கார்டன், ஹோவர்டு ஃபீல்ட்ஸ் ஆகிய மூவரும் 1978-இல் அதை வெளியிட்டார்கள். ஞானப்பல் எடுத்தவர்களில் மருந்துப்போலியாலேயே வலி குறைந்தவர்களுக்கு, அபினி வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது வலி கூடியது. அப்படியானால் நிவாரணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே உடலுக்குள் இயற்கையான வலியடக்கிகளைச் சுரக்கச் செய்கிறது என்று அவர்கள் கருதினார்கள். அந்த நோயாளிகளின் வலி மெய்யாகவே குறைந்திருந்தது. அது வெறும் பிரமை அன்று.

மருந்துப்போலியின் தேவை இதிலிருந்து விளங்கும். ஒரு வலிமாத்திரை, நம்பிக்கை தரும் நிவாரணத்துக்கும் மேலாக எவ்வளவு தருகிறது என்பதே கேள்வி. அதனால் யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. சங்கேத எண்ணின் பின்னால் அது மறைந்திருக்கும். இதற்கு மறைப்பு என்று பெயர். இப்யூபுரூஃபென் போன்ற வலிமாத்திரைகளின் திறனை அளக்க ஞானப்பல் அறுவை உலகெங்கும் ஓர் அளவுகோலாகவே பயன்பட்டு வருகிறது. உடல்நலமுள்ள இளைஞர்கள், அளவு தெரிந்த ஒரே வகைக் காயம், சில மணி நேரத்தில் உறுதியாகத் தொடங்கும் வலி ஆகிய மூன்றும் இப்படி ஒன்றுகூடும் சூழல் மருத்துவத்தில் வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

கத்தியை இப்படி மறைக்க முடியாது. தாடை எலும்பின் மூட்டுப்பகுதி முறிந்தவருக்குத் திறந்து தகடு வைத்தார்களா, பற்களைக் கம்பியால் கட்டி ஆற விட்டார்களா என்பது அவருக்கும் தெரியும், அறுவை செய்தவருக்கும் தெரியும். இங்கே செய்யக்கூடியது, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, கடிக்கும்போது பற்கள் சரியாகச் சேர்கின்றனவா என்று அளக்கும் வேலையை, எந்தச் சிகிச்சை நடந்தது என்று அறியாத வேறொருவரிடம் ஒப்படைப்பதுதான். அறுவைசார் ஆய்வுகள் மருந்து ஆய்வுகளைவிடக் கடினமானவை என்று சொல்லப்படுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, மாத்திரை யார் கொடுத்தாலும் அதே மாத்திரைதான். அறுவை ஒவ்வொரு கைக்கும் மாறும்.

உயரழுத்த ஆக்சிஜனின் கதை

இத்துறையில் ஒரு சிகிச்சையின் மீதான நம்பிக்கை எப்படி வளர்ந்தது, எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரப்படுகிறது. நம் ஊர் நோயாளிகள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வது இதைத்தான். கதிர் பட்ட தாடை எலும்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் குன்றிப்போகும். பல்லாண்டுகள் கழித்து அங்கே ஒரு பல்லைப் பிடுங்கினால்கூடக் காயம் ஆறாமல், எலும்பு செத்து, வாய்க்குள் வெளிப்பட்டு நிற்கும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. இதைக் கதிர்வீச்சு எலும்புச்சிதைவு என்போம்.

மயாமியைச் சேர்ந்த தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், இரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் குறைவதே இதற்கு வேர் என்று 1983-இல் விளக்கினார். அப்படியானால், அழுத்தம் கூட்டிய அறைக்குள் நோயாளியை வைத்துத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்தால் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கும், எலும்பு பிழைக்கும். இதுவே உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்க வேண்டிய 74 பேரிடம் அவரும் குழுவினரும் நடத்திய ஆய்வு 1985-இல் வெளிவந்தது. பெனிசிலின் மட்டும் பெற்ற 37 பேரில் 11 பேருக்கு எலும்புச்சிதைவு வந்தது. ஆக்சிஜன் பெற்ற 37 பேரில் 2 பேருக்கு மட்டுமே வந்தது. விளக்கமும் பொருத்தமாக இருந்தது, எண்களும் பெரிதாக இருந்தன. உலகெங்கும் பல மருத்துவமனைகள் இதைக் கைக்கொண்டன. ஆனால் அந்த ஆய்வில் மறைப்பு இல்லை, எண்ணிக்கையும் சிறிது.

2004-இல் பிரான்சிலிருந்து வேறொரு முடிவு வந்தது. ஏற்கெனவே எலும்புச்சிதைவு வந்துவிட்ட 68 பேரை எடுத்துக்கொண்டு, இரு தரப்பையும் ஒரேபோல அழுத்த அறைக்குள் அனுப்பினார்கள். ஒரு தரப்பு ஆக்சிஜனைச் சுவாசித்தது. மறுதரப்பு, அந்த அழுத்தத்தில் சாதாரணக் காற்றுக்கு ஈடாகும்படி ஆக்சிஜன் குறைக்கப்பட்ட வாயுவைச் சுவாசித்தது. அறை ஒன்று, இரைச்சல் ஒன்று, முகமூடி ஒன்று. தாம் எதைச் சுவாசிக்கிறோம் என்று நோயாளிக்குத் தெரியாது. அறுவை போன்ற ஒரு சிகிச்சைக்கே மருந்துப்போலி செய்ய முடிந்த இந்த நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஓராண்டு முடிவில் ஆக்சிஜன் தரப்பில் 19 சதவீதம் பேரும், போலி தரப்பில் 32 சதவீதம் பேரும் குணமடைந்திருந்தார்கள். ஆக்சிஜன் தரப்பின் நிலை மோசமாக இருக்கக்கூடும் என்ற ஐயத்தால் அந்த ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

வந்துவிட்ட நோயைக் குணப்படுத்துவது வேறு, வராமல் தடுப்பது வேறு அல்லவா என்ற நியாயமான மறுப்பு எழுந்தது. அதற்கும் விடை தேடினார்கள். பிரிட்டனிலிருந்து நடத்தப்பட்ட ஹோபான் என்ற ஆய்வு 2019-இல் வெளிவந்தது. கதிர் பட்ட கீழ்த்தாடையில் பல் பிடுங்கவோ செயற்கைப் பல்வேர் பொருத்தவோ இருந்த 144 பேர் அதில் இரு தரப்பாகப் பிரிக்கப்பட்டார்கள். ஆறு மாதத்தில் எலும்புச்சிதைவு வந்தவர்கள் ஆக்சிஜன் தரப்பில் 6.4 சதவீதம், ஆக்சிஜன் இல்லாத தரப்பில் 5.7 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். 1985-இல் ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த ஆபத்து இங்கே ஆக்சிஜன் இல்லாமலேயே ஆறு சதவீதத்துக்கும் கீழே இருந்ததைக் கவனியுங்கள்.

மார்க்ஸ் தவறிழைத்தார் என்பது இதன் பொருளன்று. அவர் தெளிவான ஒரு கருத்தை, சோதிக்கக்கூடிய வடிவில் முன்வைத்தார், மற்றவர்கள் சோதித்தார்கள். அழகான விளக்கம் ஒன்று கைவசம் இருப்பதாலேயே சிகிச்சை பலன் தந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதை அறிய 34 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ பேர் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் முப்பது நாள் அந்த அறைக்குள் கழித்திருக்கிறார்கள்.

கழுத்தில் கத்தி வைப்பதா, காத்திருப்பதா

புகையிலை மெல்லும் பழக்கம் பரவிய நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் மிகுதி. ஆகவே இத்துறையின் மிக முக்கியமான கேள்விகளில் ஒன்றுக்கு இந்தியாவிலேயே விடை கிடைத்தது பொருத்தமானது. நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ சிறிய கட்டி. கழுத்தில் நெறிகட்டவில்லை, தடவிப் பார்த்தாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. கட்டியை அகற்றும்போதே கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட வேண்டுமா, அல்லது காத்திருந்து, நோய் அங்கே பரவியது தெரிந்தால் மட்டும் எடுக்கலாமா? எடுத்தால் தோள் வலுக்குறைவு போன்ற பின்விளைவுகள் உண்டு. எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கணுக்களில் புற்றே இருக்காது. விட்டால், கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தது பெருகிவிடலாம். இரு தரப்பிலும் நியாயம் இருந்ததால் விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1989-இல் 70 பேரிடம் நடத்திய ஆய்வில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் 70 பேரில் தெரியவில்லை என்றால் வேறுபாடே இல்லை என்று பொருளாகாது. சிறிய ஆய்வில் நடுத்தர அளவிலான வேறுபாடு தற்செயலின் ஏற்ற இறக்கத்தில் மூழ்கிவிடும். ஓர் ஆய்வில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடும் எண்ணிக்கையை மாதிரி அளவு என்கிறோம். அதே மருத்துவமனையில் அனில் டி'க்ரூஸ் தலைமையில் 2004 முதல் 2014 வரை 596 பேர் சேர்க்கப்பட்டு, முதல் 500 பேரின் முடிவுகள் 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தன. மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள், கணுக்களை முதலிலேயே எடுத்த தரப்பில் 80 சதவீதம். காத்திருந்த தரப்பில் 67.5 சதவீதம். அதாவது எட்டுப் பேருக்கு முன்னெச்சரிக்கையாகக் கழுத்து அறுவை செய்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது.

ஒரு கேள்வி இங்கே பலரைத் தொந்தரவு செய்யும்: பலன் இருப்பது தெரிந்தும் மற்ற தரப்பை ஏன் காத்திருக்க வைத்தார்கள்? ஆய்வு தொடங்கியபோது அது தெரியாது. காத்திருப்பதும் அன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையாகவே இருந்தது. இரண்டில் எது சிறந்தது என்று மருத்துவ உலகுக்கு மெய்யாகவே தெரியாத நிலையில்தான் குலுக்கல் நியாயமாகும். இடையிடையே எண்களைப் பார்க்கும் கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு; வேறுபாடு தெளிவானதும், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

சுருக்கமாக: நல்ல ஆய்வுக்கு ஒப்பீட்டுக் குழு, குலுக்கல், இயன்ற இடத்தில் மறைப்பு, போதிய மாதிரி அளவு ஆகிய நான்கும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் முடிவின் மீது வைக்கும் நம்பிக்கையையும் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எதை அளக்கிறோம், எப்போது அளக்கிறோம்

பிளந்த அண்ணத்தை மூடும் அறுவையைக் குழந்தையின் ஆறாம் மாதத்தில் செய்வதா, பன்னிரண்டாம் மாதத்தில் செய்வதா என்று ஆராய்ந்த ஓர் ஆய்வு, ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 558 குழந்தைகளைச் சேர்த்தது. தையல் எத்தனை நாளில் ஆறியது என்று அளந்திருந்தால் ஒரு மாதத்தில் கட்டுரை எழுதியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பெற்றோருக்கும் குழந்தைக்கும் முக்கியமானது பேச்சு. ஆகவே ஐந்து வயது வரை காத்திருந்து, பேசும்போது காற்று மூக்கு வழியே கசியாமல் அண்ணம் மூடிக்கொள்கிறதா என்று அளந்தார்கள். குறைபாடு இருந்தவர்கள் ஆறு மாதத் தரப்பில் 8.9 சதவீதம், பன்னிரண்டு மாதத் தரப்பில் 15 சதவீதம். முடிவுகள் 2023-இல் வெளிவந்தன.

அளப்பதற்கு எளிதானதும் நோயாளிக்கு முக்கியமானதும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தி கூடியது என்ற செய்தியைப் படிக்கும்போது, அதனால் அவருக்கு மெல்ல முடிந்ததா, வலி தீர்ந்ததா என்று கேட்க வேண்டும். அளக்கப்போவது எது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும் என்பதும் விதி. பத்து விதமாக அளந்துவிட்டுச் சாதகமாக வந்த ஒன்றை மட்டும் வெளியிடுவது, அம்பு எய்த பிறகு அது தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைவதற்கு ஒப்பாகும்.

66 சதவீதமும் 19 பேரும்

ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தேடித் தொகுத்து, ஒவ்வொன்றின் தரத்தையும் எடைபோட்டு, கூட்டு முடிவு காண்பதை முறைசார் தொகுப்பாய்வு என்கிறோம். காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு இதற்குப் பெயர்பெற்றது. பல் பிடுங்கும்போது ஆன்டிபயாடிக் தருவது பற்றிய அதன் 2021 தொகுப்பாய்வின்படி, உடல்நலமுள்ளவர்களுக்கு ஞானப்பல் எடுக்கும்போது அம்மருந்து தொற்று அபாயத்தைச் சுமார் 66 சதவீதம் குறைக்கக்கூடும். அதே தொகுப்பாய்வு வேறொரு கணக்கையும் தருகிறது: ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்க 19 பேருக்கு மருந்து தர வேண்டும்.

இரண்டும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. ஆனால் முதல் எண்ணைக் கேட்டவர் மருந்து கட்டாயம் என்று நினைப்பார். இரண்டாவதைக் கேட்டவர், மீதி 18 பேருக்கு வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் வரக்கூடுமே, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுமே என்று யோசிப்பார். 66 சதவீதம் என்பது, மருந்தில்லாமல் எத்தனை பேருக்குத் தொற்று வருமோ அதில் எவ்வளவு குறைகிறது என்ற விகிதம். மொத்தத்தில் எத்தனை பேர் தப்புகிறார்கள் என்பதை அது சொல்லாது. விளம்பரங்கள் எப்போதும் முதல் வகை எண்ணையே எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது வகை எண்ணைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

36 பேரைப் பற்றிய ஒரு கடிதம்

குலுக்கல் இல்லாத ஆய்வுகள் பயனற்றவை என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. அதே ராபர்ட் மார்க்ஸ் 2003-இல் தம் துறை இதழுக்கு எழுதிய கடிதத்தில், எலும்புக்குப் பரவிய புற்றுநோய் போன்றவற்றுக்குத் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளைப் பெற்ற 36 பேருக்குத் தாடை எலும்பு செத்து வெளிப்பட்டதைத் தெரிவித்தார். ஒப்பீட்டுக் குழு இல்லை, மறைப்பு இல்லை. இப்படிச் சில நோயாளிகளின் விவரத்தை வரிசையாகப் பதிவு செய்வதை நோயாளித் தொடர் என்கிறோம். எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதை அதனால் தீர்மானிக்க முடியாது. ஆனால் இதுவரை யாரும் கவனிக்காத ஓர் ஆபத்தை அதனால் சுட்டிக்காட்ட முடியும். இன்று அந்த மருந்தைத் தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடச் சொல்வதற்கும், பல் பிடுங்குமுன் "எலும்புக்கு ஊசி ஏதும் போட்டுக்கொள்கிறீர்களா?" என்று கேட்பதற்கும் தொடக்கம் இத்தகைய பதிவுகள்தாம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்

எலியாக்கிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நோயாளிகளிடம் கேட்காமலே சோதனைகள் நடந்த காலம் இருந்தது. மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறி வகுத்த 1964-இன் ஹெல்சிங்கி பிரகடனமும் அதன்பின் வந்த சட்டங்களும் அதற்காகவே எழுந்தன. இந்தியாவில் 2019-இன் விதிகளின்படி, மருந்து சார்ந்த ஆய்வை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். சட்டம் அறிந்தவரும், மருத்துவத் துறை சாராத பொதுமக்களில் ஒருவரும், ஒரு பெண்ணும் இடம்பெற வேண்டும்.

ஆய்வில் சேருமாறு கேட்கப்பட்டால், படிவம் தமிழில் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க நேரம் கேளுங்கள். எந்த இரு சிகிச்சைகள் ஒப்பிடப்படுகின்றன, ஆய்வில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும், கூடுதலாக எத்தனை முறை வர வேண்டும், போக்குவரத்துச் செலவை யார் ஏற்பார்கள், பாதிப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை வர வேண்டும். புதிய சிகிச்சை என்பதாலேயே அது சிறந்தது என்று எண்ணிச் சேராதீர்கள். சிறந்தது என்று முன்பே தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

ஆய்வின் பதிவு எண்ணையும் கேட்கலாம். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம் 2007 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்யப்படும் ஆய்வுகளை மட்டுமே அது ஏற்கிறது. இலங்கைக்கும் தனிப் பதிவகம் உண்டு. எத்தனை பேர் சேர்க்கப்படுவார்கள், எது அளக்கப்படும், நடத்துபவர் யார் என்ற விவரங்களை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சேர்ந்த பிறகு மனம் மாறினால், காரணம் சொல்லாமலே எந்த நாளிலும் விலகலாம். அதன்பின் தையல் பிரிப்பது, கட்டு மாற்றுவது, தொடர் பரிசோதனை உள்ளிட்ட வழக்கமான சிகிச்சையை முன்போலவே தொடர்ந்து தர அந்த மருத்துவமனை கடமைப்பட்டிருக்கிறது.